இடது கையைப் பிடித்தவள்

ஃபேர்பேங்க்ஸில் மணமான வாரமே
ரோஸ்கோ எனக்கொரு விதி சொன்னான்:
முகாமுக்குள் நடக்கும்போது
நீ என் இடப்பக்கம்தான்.
ஏன் என்று கேட்டேன்.
வலது கை வேலையில் இருக்கிறது என்றான்.

ஒரு வேலையும் இல்லை அதற்கு.
உறை மாட்டிக்கொண்டு
தொடையோரம் சும்மா தொங்கியது.
எதிரே அதிகாரி யாரேனும் வந்தால் மட்டும்
விருட்டென்று எழுந்து புருவத்தைத் தொடும்.
மற்ற நேரமெல்லாம்
வந்தாலும் வரக்கூடிய ஒருவருக்காகக்
காலியாகவே இருக்கும்.

கைப்பிடித்தேன் என்று
எல்லாரும் சொல்வதைப்போல் நானும் சொல்லலாம்.
பிடித்தது ஒரு கையை.

உருளைக்கிழங்கு மூட்டை இடது கையில்.
சலவைப் பை, நூலகப் புத்தகம்,
பக்கத்து வீட்டு டெல்மாவின் பழுதான வாக்யூம் கிளீனர்
எல்லாம் இடது கையில்.
சீருடை திருத்தும் கொரியாக்காரர்
அளவு நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு
உங்கள் இடது தோள்
அரை அங்குலம் இறங்கியிருக்கிறது என்றார்.
ரோஸ்கோ அதைப் பதக்கம்போல் வாங்கிக்கொண்டான்.

இரண்டு கையும் நிறைந்திருந்தால்?
ஒருநாள் சூப் ஆறக் காத்திருந்தபோது கேட்டேன்.
ஒப்பித்தான்:
நிமிர வேண்டும், முகம் திரும்ப வேண்டும்,
வாயால் வணக்கம் சொன்னால் போதும்.
அவ்வளவுதானே, என்றேன்.
அதெல்லாம் புத்தகத்தில், என்றான்.
எங்கள் சார்ஜென்ட் சொல்வார்,
நல்ல சிப்பாய் இரண்டு நடை நடப்பான்.

நடந்தான்.
ஜனவரியில், மைனஸ் நாற்பதில்
(அந்த இடத்தில்தான் பாரன்ஹீட்டும் செல்சியஸும்
சண்டையிட்டு ஓய்ந்த தம்பதிபோல
ஒரே எண்ணில் வந்து உட்காரும்)
காருக்கும் வீட்டுக்கும் இடையே
முட்டைக்கு ஒரு நடை, பாலுக்கு ஒரு நடை.
இருட்டில் ஓர் ஆளில்லை தெருவில்.

எனக்கு எட்டாம் மாதம்.
உறைந்த வான்கோழி ஒன்றைத்
துண்டில் சுற்றி இடது முழங்கையில் கிடத்தி
சமையலறை ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து
அவன் சல்யூட் அடித்துப் பழகினான்.
பன்னிரண்டு பவுண்டு. தலை ஆடவில்லை.
நான் சிரித்த சிரிப்பில்
பிரசவம் அன்றைக்கே ஆகியிருக்கும்.

ஆனது பிப்ரவரியில்.
ஏழு பவுண்டு, பெண், பெயர் ஒட்டீலி.
மூன்றாம் நாள் மருத்துவமனை வாசல்.
கூடை அவன் இடது கையில்.
எனக்குத் தையல் இழுக்கிறது,
படியெல்லாம் கண்ணாடிப் பனி.
கால் வழுக்கிய நொடியில்
எட்டிப் பிடித்தேன்.
எந்தக் கை என்று பார்த்தா பிடிக்கிறார்கள்?

அப்போது வந்தாள் கேப்டன் உல்ரிக்.
ஒரு கையில் காபி, மறு கையில்
மார்போடு அணைத்த கோப்புகள்.

என் விரல்களுக்குள் அவன் கை துடித்தது,
வலையில் விழுந்த சால்மன்போல.
கூடையைக் கீழே வைக்கலாமா,
என்னை விலக்கலாமா,
கணக்குப் போடுகிறான், தெரிகிறது.
நான் விட்டிருக்கலாம்.
கால் ஊன்றித்தான் நின்றிருந்தேன் அதற்குள்.
விடவில்லை.

நிமிர்ந்தான். முகம் திருப்பினான்.
காலை வணக்கம், மேடம்.
குரல் பதினாறு வயதுப் பையனுடையதுபோல் உடைந்தது.

அவள் தன் காபியைப் பார்த்தாள்,
கூடையைப் பார்த்தாள்.
வணக்கம் சார்ஜென்ட், என்றாள்.
சரிவுப்பாதையில் உப்பு போடவில்லை.
வேலியோரமாகப் போங்கள்.
போய்விட்டாள்.

காரில் வெகுநேரம் பேசவில்லை அவன்.
ஹீட்டர் சூடாகும்வரை.
பிறகு, நீ என் கையை விடவே இல்லை, என்றான்.
ஆமாம் என்றேன்.
குற்றமா கேள்வியா என்று
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் டயப்பர் பெட்டி, மாவு, விறகு.
மூன்று நடை நடந்தான்,
வலது கையை வீசிக்கொண்டு.
குழந்தையைத் தோளில் போட்டபடி
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.
வீட்டுச் சூடெல்லாம்
வெளியே போய்க்கொண்டிருந்தது.